கோட்டுக்குக் கீழே போன பள்ளம்

“மேடு எங்க இருக்குது, பள்ளம் எங்க இருக்குது, அத்த மட்டும் சொல்லும்மா. அழகா இருக்குது, அசிங்கமா இருக்குதுன்றதெல்லாம் வேணாம்” என்றார் என் கணவர்.

மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. பாத்திரங்கள் இன்னும் தொட்டியில் கிடந்தன. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டின் முன்னறையில் கணினிக்கு எதிரில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், முகத்தைத் திரைக்குக் காட்டாமல் காதை என் பக்கம் காட்டிக்கொண்டு இருந்தார். அடுத்த வீட்டில் அவர் தம்பியின் தறி ஓடிக்கொண்டிருந்தது.

“இடது பக்கம் ஒரு மேடு. வலது பக்கம் ஒரு மேடு. இடது மேடு கொஞ்சம் உசரம். நடுவுல பள்ளம்” என்றேன்.

“ம். அடுத்தது.”

“இதுவும் அதேதான்.”

“அதேதான்னு சொல்லாத. முழுசா சொல்லு.”

சொன்னேன். இப்படியே படம் படமாகச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அவரோ பாயசம் குடிக்கிறவர் மாதிரி ஒவ்வொன்றையும் ரசித்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அந்த முகத்தைப் பார்க்க சந்தோஷமாகவும் இருந்தது.

நடுவில் இருந்த படங்கள் எல்லாம் தீர்ந்து, ஓரத்துப் படங்கள் வந்தன. “இதெல்லாம் எதுக்குங்க? ஒண்ணுமே இல்ல, வெறும் கோடு” என்றேன்.

“பரவால்ல, படி. ஓரமெல்லாம் ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்.”

“சரி. இதுல மேடே இல்ல. கோடு நேரா வருது. நடுவுல மட்டும் ஒரு பள்ளம்.”

“பள்ளமா?”

“ஆமா. கோட்டுக்குக் கீழ போவுது.”

அவர் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்தது. “கோட்டுக்குக் கீழயா? நல்லா பாத்து சொல்லும்மா.”

“இத்தினி வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவ நான். பூஜ்யத்துக்கு மேல எது, கீழ எதுன்னு எனக்குத் தெரியாதா?” என்று எரிந்து விழுந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். அவருடைய அம்மாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

நான் என்ன சொல்லிவிட்டேன் என்பதை உங்களுக்குப் புரியவைக்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரில் இதுவரை எந்தக் கதையையும் நேராகச் சொல்லி முடித்த பெருமை எனக்குக் கிடையாது.

வாத்தியாருக்குக் கிடைத்த மேகம்

என் கணவர் குமரவேல் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். நெசவுக் குடும்பம். தம்பி தறியில் உட்கார்ந்தார், இவர் படிக்கப் போனார். தம்பி நெய்த சேலைகள் எங்கெங்கோ கல்யாணங்களில் மேடை ஏறின. இவர் நடத்திய பாடங்களைப் பரீட்சை முடிந்த மறுநாளே பிள்ளைகள் மறந்தார்கள். இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வு பெறப்போகிற சமயத்தில்தான் அவருக்கு ஒரு மேகம் கிடைத்தது. பெங்களூரில் ஆனந்தி என்று ஒரு விஞ்ஞானி. சின்ன வயது. ஏதோ பயிற்சி முகாமில் இவரைச் சந்தித்திருக்கிறாள். இவர் கேட்ட கேள்விகள் பிடித்துப்போய், “சார், யாரும் தொடாத ஒரு மேகம் இருக்கு. சேர்ந்து பார்க்கலாமா?” என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவருக்குப் பேச்சு தடுமாறியது. எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதம் கிடைத்தபோதுகூட இவ்வளவு குஷியாக இருந்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

நான் முசரவாக்கத்து விவசாய வீட்டுப் பெண். மேகம் என்றால் எனக்கு மழை. ஆனால் அவருடைய மேகத்தில் மழை இல்லை. நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் வாயு அது. பெரும்பாலும் ஹைட்ரஜன். அணுக்கள் ஒன்றோடொன்று கை கோத்து மூலக்கூறாக இருப்பதால் அதற்கு மூலக்கூறு மேகம் என்று பெயர். பூமியில் எந்தப் பனிமலையிலும் இல்லாத குளிர் அதற்குள். பின்னால் இருக்கிற நட்சத்திரங்களையெல்லாம் மறைத்துக்கொண்டு வெறும் கறுப்பாகத் தெரியும்.

“அப்ப அதுல பாக்கறதுக்கு இன்னா இருக்குது?” என்று கேட்டேன்.

“கண்ணால பாக்கறது இல்ல. அந்த வாயு ரேடியோ அலை விடுது. அத்தத் தொலைநோக்கியில புடிச்சு, கோடு கோடா வரைஞ்சு பாப்பாங்க.”

பிறகு அவருடைய இடது கண் போனபோது, “கண்ணு தேவைப்படாத மேகமாப் பாத்து எனக்குக் குடுத்திருக்குறா ஆனந்தி” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேகத்துக்குள் வாயு சும்மா இருப்பதில்லையாம். அலைந்து சுழன்றுகொண்டே இருக்குமாம். வைகாசியில் கருட சேவை அன்று காந்தி ரோட்டில் நிற்கிற ஜனத்தை மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ஒரே கூட்டமாகத் தெரியும். உள்ளே போனால்தான் ஒரு இடத்தில் நெரிசல், ஒரு இடத்தில் காலி என்பது தெரியும். அப்படி நெரிசல் ஆன இடத்தில் வாயு தன் எடையாலேயே தன்னை உள்ளே இழுக்கும். இழுக்க இழுக்க இன்னும் வாயு வந்து சேரும். எடை கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் அதை நிறுத்தவே முடியாது.

அந்த வாயு ஒரே உருண்டையாகச் சேராமல் துண்டு துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டும் ஒரு நட்சத்திரமாகும். அதனால் நட்சத்திரங்கள் பெரும்பாலும் தனியாகப் பிறப்பதில்லை, கும்பலாகத்தான் பிறக்கின்றன. அந்தக் கும்பலைத்தான் நட்சத்திரக் கொத்து என்கிறார்கள்.

“ஒரே பிரசவத்துல அத்தினி புள்ளைங்களா? பாவம், அந்த மேகம்” என்றேன்.

“பாவந்தான். புள்ளைங்களே அத்த இல்லாம ஆக்கிடும்” என்றார்.

பெரியவன் தலையெடுத்தால்

அந்தக் கதை எனக்கு உடனே புரிந்தது. கொத்தாகப் பிறந்த நட்சத்திரங்களில் ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக வளர்ந்துவிடும். அவற்றின் வெளிச்சமும் வெப்பமும் தாங்காமல் மீதி வாயு சிதறி ஓடிவிடும். அந்த வாயுவில் கொஞ்சம்தான் நட்சத்திரமாகியிருக்கும். மிச்சமெல்லாம் வீண். ஆனால் அந்த மிச்சத்தின் எடைதான் அத்தனை பிள்ளைகளையும் ஒரே இடத்தில் பிடித்து வைத்திருந்தது. அது போனதும் பிடிப்பு விட்டுவிடும். ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். பெரும்பாலான கொத்துகள் இளசிலேயே இப்படிக் கலைந்துவிடுகின்றனவாம்.

“எங்க வீட்டுக் கதையாச்சே இது” என்றேன்.

என் பெரிய அண்ணன் அரசியலில் இறங்கினார். வீட்டு வாசலில் எப்போதும் கார்கள் நின்றன. யார் யாரோ வந்தார்கள், வெள்ளை வேட்டிகள் நடுக்கூடம் வரைக்கும் வந்தன. அம்மா சமையல்கட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டாள். அண்ணன்களும் அக்காக்களும் நானும் ஒவ்வொருவராக ஒதுங்கினோம். அம்மா போன பிறகு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதற்குக் காரணமே இல்லாமல் போய்விட்டது. சின்ன அக்கா இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று என்னைக் கேட்டால் நான் யாரையாவது கேட்டுத்தான் சொல்ல வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நம் சூரியனும் இப்படி ஒரு கொத்தில் பிறந்ததுதானாம். கூடப் பிறந்தவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாதாம். “யாரும் தேடலையா?” என்று கேட்டேன். “தேடிக்கினுதான் இருக்காங்க” என்றார். அன்றைக்கு முழுவதும் எனக்கு மனசு சரியில்லை.

கண்

அவருக்குச் சர்க்கரை நோய். வாயைக் கட்டத் தெரியாத மனிதர். காலையில் கோயில் இட்லி, மாலையில் பஜ்ஜி, நடுவில் யாருக்கும் தெரியாமல் ஜிலேபி. நான் போடாத சண்டை இல்லை. கண்ணில் புகை மாதிரி தெரிகிறது என்று அவர் சொன்னபோதே உள்ளே இரத்தக் கசிவு. சென்னைக்கு அழைத்துக்கொண்டு போனோம். ஒளிக்கற்றை வைத்துச் சுட்டார்கள், கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். இடது கண் போயே போய்விட்டது. வலது கண் கொஞ்ச நாள் தாங்கும் என்றார் மருத்துவர். எவ்வளவு நாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

எதிர்வீட்டு சரோஜா அக்கா வந்து, “டீச்சர், ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போங்க. கண்ணு போன அடியாருக்குக் கண்ணக் குடுத்த சாமி. நம்ம சாருக்குக் குடுக்க மாட்டாரா?” என்றாள்.

“ஒரு கண்ணுதானேம்மா குடுத்தாரு? இன்னொண்ணுக்குத் திருவாரூர் வரைக்கும் இல்ல நடக்க விட்டாரு!” என்று உள்ளேயிருந்து இவர் குரல் கொடுத்தார்.

ஆனாலும் போனோம். பிரகாரத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தூண்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சன்னதியில் என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “மேகத்தப் பத்தி நாங்க எழுதின கட்டுரை அச்சுல வர்ற வரைக்கும் ஒரு கண்ணு போதும்னு கேட்டேன்” என்றார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. என்னைப் பார்க்க, மகனைப் பார்க்க, ஓசூரிலிருக்கும் பேத்தியைப் பார்க்கக் கண் வேண்டும் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

அந்தக் கட்டுரையில் என்ன இருந்தது என்றால், அவருடைய மேகத்தின் நடுவில் வாயு உள்ளே விழ ஆரம்பித்துவிட்டது, அங்கே ஒரு நட்சத்திரக் கொத்து பிறக்கப்போகிறது என்பதுதான். இன்னும் பிறக்கவில்லை. கர்ப்பம் தரித்திருக்கிறது என்று சொல்கிற நிலை. அதற்கு அடையாளம் அந்த இரண்டு மேடுகள். உள்ளே விழுகிற வாயுவிலிருந்து வரும் அலையை வரைந்தால், இடது மேடு உயரமாகவும் வலது மேடு குட்டையாகவும் நடுவில் ஒரு பள்ளத்தோடும் வருமாம். உலகத்தில் அதை முதலில் பார்த்தவர் காஞ்சிபுரத்து வாத்தியார் என்று கட்டுரையில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கடைசியாக ஒரு முறை எல்லாவற்றையும் சரிபார்த்து அனுப்பினால் போதும்.

அப்போது அவருடைய வலது கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை. ஆளின் உருவம் மட்டும் நிழல்போலத் தெரியும். அதனால்தான் நான் படித்துக் காட்ட உட்கார்ந்தேன். மேகத்தின் ஓரத்துப் படங்களை யாரும் சரிபார்ப்பதில்லையாம். அங்கே மேகத்திலிருந்து வரும் அலை குறைவு, வெறும் கருவி இரைச்சல் என்று ஒதுக்கிவிடுவார்களாம். ஆனந்தியும் ஒதுக்கியிருந்தாள். இவருக்கு மட்டும் அந்த மேகத்தை விட மனசு வரவில்லை. இனிமேல் பார்க்க முடியாது என்று தெரிந்துதான் ஓரம் வரைக்கும் ஒரு சுற்று சுற்றி வர ஆசைப்பட்டார்.

காலித் தூக்கு

அந்த மதியத்துக்கே திரும்பி வருகிறேன்.

நாற்காலியின் விளிம்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “எண்ணெய் வாங்கப் போனா செட்டியார் இன்னா பண்ணுவாரு?” என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. “இன்னா பண்ணுவாரு? காலித் தூக்க மொதல்ல எடை போடுவாரு. அப்பால எண்ணெய ஊத்தி எடை போடுவாரு. தூக்கோட எடையக் கழிச்சுக்குவாரு.”

“காலின்னு அவரு எடை போட்டது வேற தூக்கு, அதுக்கு அடியில பழைய எண்ணெய் இருந்தா?”

“அதுவும் தூக்கோட கணக்குல போயிடும். நம்ம எண்ணெயில அந்த அளவு கழிஞ்சுடும்.”

“அதான் நடந்திருக்குது” என்றார்.

தொலைநோக்கியிலும் அதே வழக்கம்தானாம். முதலில் மேகத்தைப் பார்ப்பார்கள். பிறகு பக்கத்தில் ஒன்றுமே இல்லாத வெறும் வானத்தைப் பார்ப்பார்கள். அதுதான் காலித் தூக்கு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மேகம் மட்டும் மிஞ்சும். வெறும் இடம் எது என்று இவரும் ஆனந்தியும் பழைய வரைபடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வரைபடத்தில் அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் உண்மையில் அங்கே மெல்லிசாகக் கொஞ்சம் வாயு இருந்திருக்கிறது. அதையும் சேர்த்துக் கழித்துவிட்டார்கள்.

மேகத்தின் நடுவில் வாயு அதிகம். ஒரே மேடாக வந்திருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் கழிந்து, நடுவில் பள்ளம் விழுந்து, பார்க்க இரண்டு மேடாகிவிட்டது. ஓரத்தில் வாயுவே கிடையாது. அங்கே கழிக்கப்போனால் பூஜ்யத்துக்குக் கீழேதானே போகும்? போயிருக்கிறது. அதைத்தான் நான் வாயைத் திறந்து சொல்லிவிட்டேன்.

“அப்ப அங்க வாயு உள்ள விழலையா?” என்று கேட்டேன்.

“விழுதுன்றதுக்கு நம்மகிட்ட சாட்சி இல்ல.”

“நட்சத்திரம் பொறக்காதா?”

“தெரியாதும்மா.”

அவர் குரல் உடைந்திருந்தது. நான் எழுந்து போய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

“நீ பாத்தியே”

அதற்குப் பிறகு நான் சொன்னது நியாயமா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், நியாயம்தான் என்பேன். எனக்கு என் மனிதர் பெரிதா, எங்கோ கிடக்கிற வாயு பெரிதா?

“விட்டுடுங்க. ஓரத்துப் படத்தத்தான் யாரும் பாக்கறதில்லன்னு சொன்னீங்க இல்ல? ஆனந்தி பாக்கல. பத்திரிகைக்காரங்க பாக்கல. யாருக்குத் தெரியப்போவுது?”

“நீ பாத்தியே” என்றார்.

“நான் பாத்தா இன்னா? நான் இன்னா விஞ்ஞானியா? எனக்குக் கண்ணு சரியில்லன்னு நெனச்சுக்கோங்க.”

“உன் கண்ண நம்பித்தானே உக்காந்துக்கினு இருக்குறேன். அதுவும் சரியில்லன்னா நான் எங்க போவேன்?”

எனக்குக் கோபம் அடங்கவில்லை. சமையலறைக்குப் போய்த் தொட்டியில் கிடந்த பாத்திரங்களை எல்லாம் டமால் டமால் என்று போட்டுக் கழுவினேன்.

அவர் ஆனந்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது. “சார், அது ஓரம் சார். வெறும் இரைச்சல்” என்றாள் அவள். குரலில் பயம் தெரிந்தது. அவளுக்கும் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இந்தக் கட்டுரை வந்தால் அவளுக்கும் நல்லது.

“இருக்கலாம்மா. காலி எடத்த மட்டும் தனியா எடுத்துப் பாரு. ஒண்ணும் இல்லன்னா நானே மன்னிப்புக் கேக்கறேன்.”

இரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டாள். முதலில் அழுகைதான் கேட்டது. காலி என்று நினைத்த இடத்தில் வாயு இருந்தது. சின்ன மேடு. சரியாக அந்தப் பள்ளம் விழுந்த அதே இடத்தில்.

“அழாதம்மா. இப்ப தெரிஞ்சுதே, நல்லதாப் போச்சு” என்று இவர் அவளைத் தேற்றினார். இவரைத் தேற்ற யாருமில்லை. நான் இருந்தேன். ஆனால் நான் பேசக்கூடிய நிலையில் இல்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.

வேறொரு காலி இடத்தை வைத்து மறுபடியும் பார்க்க, தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பித்தார்கள். உலகத்தில் எத்தனையோ பேர் வரிசையில் நிற்கும் இடமாம் அது. எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றாள் ஆனந்தி. இவர் காத்திருந்தார். “வேற எடம் வெச்சுப் பாத்தாலும் ரெண்டு மேடு வரலாம். வராதுன்னு யாரு சொன்னது? ரெண்டுமே உண்மையா இருக்கலாம் இல்ல?” என்று ஒரு நாள் சொன்னார். இன்னொரு நாளும் சொன்னார். எனக்குச் சொல்கிறாரா, தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியவில்லை.

அந்தக் காத்திருப்பில்தான் வலது கண்ணும் போனது. ஒரு காலையில் பல் தேய்த்துவிட்டு வந்தவர் முன்னறையில் நின்றபடி, “இன்னைக்கு விடியவே இல்லியாம்மா?” என்று கேட்டார். வெயில் அவர் காலில் விழுந்துகொண்டிருந்தது. விடிந்துவிட்டது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரே ஒரு மேடு

மழைக்காலம் முடிந்து பனி விழத் தொடங்கிய ஒரு நாளில் ஆனந்தியிடமிருந்து புதிய படங்கள் வந்தன. “நான் இன்னும் திறக்கல சார். முதல்ல நீங்க பாருங்க” என்று எழுதியிருந்தாள். பாருங்க என்ற சொல்லை எழுதிவிட்டு அந்தப் பெண் எப்படித் துடித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

அவர் குளித்து, விபூதி இட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். யாரோ பெண் பார்க்க வருவதுபோல இருந்தது. நான் முதல் படத்தைத் திறந்தேன்.

ஒரே ஒரு மேடு.

பள்ளம் இல்லை. இடது வலது வித்தியாசம் இல்லை. நடுவில் ஒரே மேடு, அமைதியாக ஏறி அமைதியாக இறங்கியது.

அவர் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தார். அறையில் நானும் அவரும் மட்டும். அவருக்கு என் கண்ணைத் தவிர வேறு கண் இல்லை. இரண்டு மேடு இருக்கிறது என்று நான் சொன்னால், ஆனந்தி கூப்பிடும் வரைக்குமாவது அந்த மனிதர் சந்தோஷமாக இருப்பார். ஒரு மணி நேரமாவது. அரை நாளாவது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

உன் கண்ணை நம்பித்தானே உட்கார்ந்திருக்கிறேன் என்று அவர் சொன்னது குறுக்கே வந்து நின்றது.

“ஒரு மேடுதாங்க” என்றேன்.

“ரெண்டு இல்லியா?”

“இல்லீங்க.”

“நடுவுல சின்னதாக்கூட பள்ளம் இல்லியா?”

“இல்ல.”

“அடுத்தது.”

“அதுவும் ஒண்ணுதான்.”

இந்த முறை முழுசா சொல்லு என்று அவர் கேட்கவில்லை. எல்லாப் படத்தையும் திறந்தேன். எல்லாவற்றிலும் அதே ஒரு மேடு. கடைசியாக, “ஓரத்துல?” என்று கேட்டார்.

“கோடு நேரா இருக்குது. கீழ போகல.”

“அப்ப இந்தத் தடவ சரியா பண்ணியிருக்காங்க” என்றார். பிறகு, “அந்த மேகம் சும்மாதான் இருக்குது. சுருங்கல. இப்பிடியே கெடந்து கலைஞ்சும் போயிடலாம். முக்காவாசி மேகம் அப்பிடித்தான். ஒண்ணையும் பெத்துக்காமலே போயிடும்” என்றார். வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில்தான் சொன்னார். கண்களிலிருந்து மட்டும் நீர் வழிந்துகொண்டிருந்தது. பார்வை போன கண்ணும் அழும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“மூடிடும்மா” என்றார்.

மூடினேன்.

அதற்கு அப்புறம் அவர் இருந்தது கொஞ்ச காலம்தான். சிறுநீரகமும் கைவிட்டது. வாரா வாரம் ஆஸ்பத்திரி. பேசுவார், சிரிப்பார், சரோஜா அக்காவோடு வம்புக்கு நிற்பார். பேத்தி வந்தால் மடியில் உட்காரவைத்துக்கொள்வார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் குறையில்லை. ஆனால் என்னிடம் எதையும் படித்துக் காட்டச் சொல்லவில்லை. ஆனந்தி எழுதினால், “நீயே பதில் போட்டுடும்மா” என்பார். கடிதம் வந்தால் மேசையில் வைக்கச் சொல்வார்.

ஒரு காலையில் நானாகவே செய்தித்தாளை எடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் தலைப்பைச் சத்தமாக வாசித்தேன். அவர் கையை நீட்டித் தடவி, என் கையைக் கண்டுபிடித்து, தாளோடு சேர்த்துக் கீழே இறக்கினார்.

“வேணாம்மா. நீ பாத்த வரைக்கும் போதும்” என்றார்.

அவருடைய பார்வை போன நாளில்கூட நான் அழவில்லை. அன்றைக்கு அடுப்படியில் நின்று அழுதேன். அவருக்குக் கேட்கும் என்று தெரிந்தும் சத்தம் போட்டு அழுதேன்.